ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம்

அவள் நிமிடம் குறிக்கும் கடிகாரத்தை அழுத்தினாள்.

டாக்டர் நிமிர்ந்து பெரியவரின் பெயரைக் கேட்டார்.

பெரியவர் திகைத்துப்போய் சீட்டை நீட்டினார். எத்தனையோ வருடமாக வருகிறவர். அந்த அறையில் அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

அவள் பதினொரு வருடம் நர்ஸாக இருந்தவள். மருத்துவமனைகளை மதிப்பிடும் முறைகளை இப்போதுதான் படிக்கிறாள். முதல் களப்பணி இது. இந்த அரசு மருத்துவமனையில் மூன்று நாள் உட்கார்ந்து, டாக்டர் ஒரு நோயாளிக்கு எத்தனை நிமிடம் தருகிறார் என்று குறிக்க வேண்டும்.

"நாற்காலி மாதிரி இருக்கணும். நீங்க இருக்கிறதே தெரியக் கூடாது," என்று சொல்லி அனுப்பியிருந்தார் பேராசிரியர்.

டாக்டர் தாணுலிங்கம் அந்த நாற்காலிக்கு டீ வரவழைத்தார்.

ஒரு நிமிடத்துக்கு மூன்று பேரைப் பார்ப்பவர் என்று அவருக்கு ஊரில் பெயர். சீட்டைப் பார்ப்பார், எழுதுவார், மணியடிப்பார். ஆளைப் பார்க்கும் வழக்கம் கிடையாது.

இன்று நாக்கை நீட்டச் சொன்னார். இமையை இழுத்துப் பார்த்தார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார்.

ஏழு நிமிடம். அடுத்தவருக்கு ஒன்பது.

இருமலுக்கு வந்தவர், முதுகில் ஸ்டெதாஸ்கோப் பட்டதும் வெலவெலத்துத் திரும்பினார்.

"மறைக்காமச் சொல்லுங்க சார். பெரிய வியாதியா?"

பதினொரு மணிக்கு வரிசை வாசலைத் தாண்டி சைக்கிள் நிறுத்தம் வரை போய்விட்டது. சீட்டு வாங்கும் நர்ஸ் அவளைக் கண்ணாலேயே கெஞ்சினாள்: எழுந்து போயிடுங்களேன்.

போய்விடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அவள் உட்கார்ந்திருக்கும் வரை எந்த எண்ணும் உண்மை இல்லை.

அப்போது செல்லக்கனி உள்ளே வந்தாள். பீடி சுற்றுகிறவள். ஆறு மாதமாக அசதி. ஆறு மாதமாக அதே சத்து மாத்திரை.

டாக்டர் ஓரக்கண்ணால், நிமிடம் குறிக்கிறவளின் பேனாவைப் பார்த்தார். கூடுதலாக ஒன்று செய்வோமே என்பதுபோல் கழுத்தையும் தடவினார்.

விரல் நின்றது.

மறுபடி தடவினார். இந்த முறை பேனாவைப் பார்க்கவில்லை.

"எச்சில முழுங்குங்கம்மா."

விழுங்கினாள்.

"இன்னொரு தடவ."

பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கட்டி சின்னதுதான், நாளைக்கே போனால் பயமில்லை என்று இரண்டு முறை சொன்னார். யாரிடம் போக வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினார்.

செல்லக்கனி கடிதத்தை மடித்தாள்.

"ஆறு மாசமா வாரேன் சார். இன்னைக்குத்தான் தொட்டுப் பாத்திய."

டாக்டர் எழுந்து போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

கடிகாரத்தை நிறுத்த அவள் மறந்திருந்தாள்.

மூன்றாம் நாள் மாலை அறிக்கை எழுதினாள். சராசரி, எட்டு நிமிடம்.

குறைபாடுகள் என்ற இடத்தில் ஒளிக்காமல் எழுதினாள்: தான் கவனிக்கப்படுவது டாக்டருக்குத் தெரியும். இந்த எண்களை நம்ப முடியாது.

பரிந்துரை என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

பிறகு எழுதினாள்: ஆய்வைத் தொடர வேண்டும்.

எதுவரை என்று ஒரு கட்டம் இருந்தது. அலுவலகத்துக்குப் போய், டாக்டர் ஓய்வு பெறும் தேதியை விசாரித்து வந்து, அதை நிரப்பினாள்.