வழுக்காத ஷூ

கல்யாணமான கையோடு மகிழ்விழியையும் அதியனையும் மணாலிக்கு அனுப்பிவைத்தார்கள். தருமபுரி வெயிலில் வளர்ந்தவர்கள். இங்கே மலைப்பாதை முழுக்கப் பனி இறுகிக் கண்ணாடிபோல் கிடந்தது.

ஆனால் வாடகை ஷூக்கள் படு சமர்த்து. தரையைப் பார்த்துத் தாமே முள்ளை நீட்டிக்கொண்டன. யாரும் வழுக்கவில்லை. அதனால் யாரும் யார் கையையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்றுபோலவே இருவரும் தள்ளித் தள்ளி நடந்தார்கள்.

வழியில் அதியன் டீ வாங்கப் போனபோது, மகிழ்விழி குனிந்து தன் ஷூக்களின் பிடிமானத்தை அணைத்துவிட்டாள்.

அடுத்த வளைவில் கால் சறுக்கியது.

“ஐயோ, என்னங்க!”

“பாத்து, பாத்து!” என்று பாய்ந்து அவள் கையைப் பிடித்த அதியனும் வழுக்கி விழுந்தான். இருவரும் உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம் சறுக்கிப்போய் நின்றார்கள்.

“உங்க ஷூவுக்கு என்ன ஆச்சு?”

“டீக்கடையிலயே ஆஃப் பண்ணிட்டேன்,” என்றான் அவன், பனியைப் பார்த்துக்கொண்டு. “நீ வந்து பிடிப்பேன்னு…”

“நீங்களுமா?” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“விழுந்துவிட்டீர்கள். பிடிமானத்தை இயக்கட்டுமா?” என்று நான்கு ஷூக்களும் அக்கறையாகக் கேட்டன.

“வேணாம்!” என்றார்கள் இருவரும்.