ஏமாறாத புரோகிராம்

“ஒரே ஒரு ஓட்டையைக் கண்டுபிடிங்க. திங்கட்கிழமையே வேலையில சேர்ந்துடலாம்” என்றார் மேலாளர்.

நேர்காணலுக்கு வந்தவருக்கு இந்த வேலை கட்டாயம் வேண்டும். வீட்டில் முடங்கிக் கிடந்தது போதும் போதும் என்றாகிவிட்டது. துணைக்கு வந்த மனைவி கதவோரம் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எதிரே திரையில் இருந்தது, கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் கணினிகளுக்கு, மெசேஜ் அனுப்பும் ஒரு ஜாவா புரோகிராம். ஒரு தடவைக்கு எத்தனை மெசேஜ், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிசு என்ற வரம்பை வாடிக்கையாளரே மாற்றிக்கொள்ளலாம். மாற்றுகிற மகராசன் என்ன கண்றாவியை வேண்டுமானாலும் போடுவான். அதுதான் தலைவலி.

“எண்ணிக்கையில பூஜ்யம் போடறேன், மேடம்.”

‘ஒரு மெசேஜாவது வேண்டும்’ என்று சொல்லி, ஓட மறுத்தது புரோகிராம்.

“சரி, மைனஸ்?”

அதற்கும் மறுத்தது. காலியாக விட்டார், எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் எங்கே தப்பு, எப்படித் திருத்துவது என்று பொறுமையாகப் பதில் வந்தது.

“இதை எழுதினவர் பலே ஆளா இருப்பார் போலிருக்கே!”

“இன்னும் முயற்சி பண்ணுங்க” என்றார் மேலாளர், ஏனோ கதவோரம் ஒரு பார்வை பார்த்துவிட்டு.

கடைசி அஸ்திரத்தை எடுத்தார் வந்தவர். இரண்டிலும் அனுமதித்த உச்ச வரம்பையே போட்டார். தனித்தனியே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது, இரண்டையும் பெருக்கினால் கணினி திணறிப்போகும். இதை யார் யோசித்திருக்கப் போகிறார்கள்?

‘இரண்டு வரம்பும் தனித்தனியே சரி. சேர்ந்தால் மெமரி தாங்காது. எண்ணிக்கையைக் குறைக்கவும்.’

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. தோற்றுப்போனதுகூட உறைக்கவில்லை.

“தப்பு பண்ணப் போறவன் மனசுக்குள்ள புகுந்து பார்த்துட்டு எழுதியிருக்காரு, மேடம்! இவர்கிட்ட என் பருப்பு வேகாது. வேலை கிடைக்கலைன்னா போகட்டும், இந்த மனுஷனை ஒரு தடவை கண்ணால பார்க்கணும். எங்கே இருக்காரு?”

மேலாளர் வந்தவருடைய மனைவியைப் பார்த்தார். ‘சொல்லிடுங்க’ என்று அவள் தலையசைத்தாள்.

“திங்கட்கிழமை வந்துடுங்க, சார். தலையில அடிபட்டு இங்கே வேலை பார்த்ததெல்லாம் மறந்துபோறதுக்கு முன்னாடி, இதே நாற்காலியில உட்கார்ந்து இதை எழுதினதே நீங்கதான்.”