காவ்யா அனுப்பிய அலாரம்

காலையில காப்பி டம்ளரக் கையில எடுத்த நேரம், மெர்லினோட போன் 'கிணிங்'னு அடிச்சுச்சு.

"மெர்லின்: நாளைக்குக் காலையில இன்டர்வியூ, திருச்சி. ஒரிஜினல் மார்க் ஷீட்ட இன்னிக்கே பையில வையிடி."

அனுப்புனது காவ்யா.

காப்பி மொத்தமும் சுடிதார்ல. கொட்டாம என்ன செய்யும்? காவ்யாவப் போன பங்குனியிலயே எரிச்சாச்சே!

"அம்மா! இங்கிட்டு வாங்களேன்!"

மரிய செல்வி ஓடியாந்து பாத்தாங்க. பாத்ததும் நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"அவ போனுதான் லாரிக்கு அடியில நொறுங்கிப் போச்சேடி! எங்கிட்டு இருந்து அனுப்புறா?"

"பயமுறுத்தாதீங்கம்மா."

"சர்ச் சாமியார்கிட்ட சொல்லி அவளுக்கு ஒரு பூசை வைக்கணும்."

"அவ இந்துப் புள்ளம்மா."

"செத்த ஆத்துமாவுக்கு இந்து என்ன, நம்ம வேதம் என்னடி!"

மெர்லின் சரியான மறதி மூட்டை. வேலை தேடுற வெப்சைட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாஸ்வேர்டு போடுவா, மறுநாளே முழிப்பா. பாத்துப் பாத்து அலுத்துப்போன காவ்யா, "இனிமே எல்லாத்துக்கும் எம் மெயில் ஐடியவே குடுத்துத் தொலை. ஒன்னையும் சேத்து நானே பாத்துக்கறேன்"னுட்டா.

ரெண்டு பேருக்கும் பொதுவா இன்டர்நெட்ல ஒரு காலண்டர் போட்டா. மெர்லினோட இன்டர்வியூ பச்சைக் கட்டம், அவளோடது ஆரஞ்சு. எங்க போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும், போன வேலை கெடச்சுதா இல்லையா, அத்தனையும் அதுல ஏத்தி வச்சிருவா.

அப்படியும் போன பங்குனியில, ஒரு இன்டர்வியூவுக்குக் கெளம்புன அன்னிக்கு, மெர்லின் மார்க் ஷீட்ட வீட்டுலயே விட்டுட்டு அன்னவாசல் பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னா.

"நீ இங்கயே நில்லுடி, நான் எடுத்தாரேன்"னு ஸ்கூட்டியத் திருப்புன காவ்யா, திரும்பி வரவே இல்ல.

எழவு வீட்டுல காவ்யாவோட அம்மா அமுதவல்லி ஊரே பாக்கக் கத்துனாங்க.

"ஒன் மறதிதாண்டி எம் புள்ளைய முழுங்கிருச்சு! இனிமே என் வாசப்படிய மிதிக்காத!"

அதுக்கப்புறம் எதிர்ல பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. பள்ளிக்கூடத்துல சத்துணவு போடுற பொம்பளைக்கு இவ்வளவு கல்நெஞ்சான்னு மரிய செல்விக்கு ஆத்தாமை. மெர்லின் அன்னியோட வேலை தேடுறதையும் விட்டுட்டா, அந்தக் காலண்டரையும் மூடிட்டா. இப்ப வந்திருக்கறது எப்பவோ போட்ட அப்ளிகேஷனுக்கு.

மூடி வச்ச காலண்டரத் தொறந்து பாத்தா.

பங்குனிக்குப் பெறகும் ஆரஞ்சுக் கட்டங்க வரிசையா இருந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் ஒரே வரிதான்: "காவ்யா வரமாட்டா."



மறுநாள் பையில மார்க் ஷீட் இருக்கான்னு பஸ்ல நாலஞ்சு தடவ தடவிப் பாத்துக்கிட்டே திருச்சிக்குப் போனா. கம்பெனில கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டா. மேடம் சிரிச்சுக்கிட்டே, "அடுத்த வாரம் வந்து சேந்துக்கங்க"ன்னாங்க. எந்திரிக்கப் போறப்ப கேட்டாங்க:

"ஆமா, காவ்யான்னு ஒருத்தங்க, ஒங்க ஃப்ரெண்டா? அவங்களையும் கூப்பிட்டிருந்தோம். நேத்து அவங்க ஐடியில இருந்தே ஒரு மெயில் வந்துச்சு. 'காவ்யா வரமாட்டா. மெர்லின் கண்டிப்பா வருவா'ன்னு. தன்னப் பத்தித் தானே யாராச்சும் அப்படி எழுதுவாங்களா?"

வேலை கெடச்ச சந்தோஷமெல்லாம் எங்கிட்டு போச்சோ. ஊருக்கு வந்து எறங்குன மெர்லின் வீட்டுக்குப் போகல. என்ன ஆனாலும் சரின்னு நேரா காவ்யா வீட்டு வாசல்ல போய் நின்னா.

கதவு பாதி தொறந்து கெடந்துச்சு. உள்ள ஆள் இல்ல. மாலை போட்ட காவ்யா படம். அதுக்கு முன்னாடி, பிளஸ் டூ படிக்கையில கவர்மென்ட்டுல குடுத்த அவளோட லேப்டாப், தொறந்தபடி. திரையில அதே பச்சை, அதே ஆரஞ்சு.

'கிணிங்'னு அடிச்சுச்சு.

"ஐயோ, மாதாவே!"ன்னு மெர்லின் அலறிட்டா.

"யாரது?"

அடுப்படியில இருந்து, ஈரக் கைய முந்தானையில தொடச்சுக்கிட்டே அமுதவல்லி வந்தாங்க. ஆளு பாதியா எளச்சிருந்தாங்க.

"வாசப்படிய மிதிக்கலம்மா... வெளியதான் நிக்கிறேன்." மெர்லினுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

அமுதவல்லி அவ மூஞ்சியப் பாக்கல. மகளோட லேப்டாப் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து, கண்ணாடிய மாட்டுனாங்க. ஒத்த வெரலால தடவித் தடவி அந்தப் பச்சைக் கட்டத்தத் தொறந்தாங்க.

"உள்ள வந்து சொல்லுடி. வேலை கெடச்சுதா, இல்லையா? இதுல ஏத்தணும். ஒன் கட்டம் எதையும் அவ காலியா விடமாட்டா."