ஒழுக்கமான அலைகள்

கடல் ஆய்வுக்கூட இயக்குநர் போட்ட கூச்சலில் மூன்று மாடிக் கண்ணாடியும் அதிர்ந்தது. கரையோரத்துப் பறவைகள் வேறு கண்டத்துக்கே குடிபோயிருக்கும்.

“மச்சான், கையும் களவுமாப் பிடிச்சுட்டேன்! ஓடி வா!”

மச்சான் என்பவர் அவர் மனைவியின் தம்பி. காவல்துறையில் ஓய்வுபெற்ற பிறகும் பால்காரர் முதல் பல் டாக்டர் வரை எல்லோரையும் சந்தேகப்பட்டே பொழுதைப் போக்குபவர். வந்ததும் கதவைத் தாழிட்டார்.

உள்ளே நின்றவள் தரவுக் கோப்புகளைப் பராமரிப்பவள். ஆய்வுக்கூடமே அவளை ‘அலையரசி’ என்றுதான் கூப்பிடும்.

விஷயம் இதுதான். புயலை முன்கூட்டியே சொல்ல இயக்குநர் ஒரு சூத்திரம் எழுதிவருகிறார். அவர் எழுதும் ஒவ்வொரு வரியும், மை காய்வதற்குள் எதிர்க் கட்டடத்துப் போட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுகிறது. விற்பவர் அகப்பட்டால் வேலை போகும், சிறையும் நிச்சயம்.

இயக்குநர் கம்ப்யூட்டரைக் காட்டினார். “இதைப் பாரு. நடுக்கடல்ல நம்ம மிதவை அளந்து அனுப்புற அலையோட உயரம். தினமும் இணையத்துல ஊருக்கே குடுக்கிறோம். எண்ணு இருக்க வேண்டிய இடத்துல என்ன இருக்கு?”

திரை முழுக்கத் தலையும் வாலும் புரியாத ஆங்கிலப் பெரிய எழுத்துகள்.

“சங்கேத மொழி!” மச்சானின் மீசை எழுந்து நின்றது. “யாருக்கும்மா சேதி அனுப்புறே?”

அலையரசிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஐயோ சார்! கம்ப்யூட்டர் உள்ள வச்சிருக்கிறது வெறும் எண்ணுதான். வகை ‘பைட்’னு சொன்னா எண்ணாவே காட்டும். ‘கேரக்டர்’னு சொன்னா அதையே எழுத்தாக் காட்டும். அறுபத்தஞ்சுன்னா ஏ, தொண்ணூறுன்னா இசட். நான் அவசரத்துல வகையை மாத்தாம விட்டுட்டேன், அவ்வளவுதான்.”

ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். எழுத்தெல்லாம் மாயமாகி எண்கள் வந்து உட்கார்ந்தன: 75, 81, 68, 84... எல்லாம் சென்டிமீட்டர் கணக்கில் பரமசாதுவான அலைகள்.

மச்சான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “அறுபத்தஞ்சுக்குக் கீழ இறங்கல, தொண்ணூறைத் தாண்டல. கடல் ரொம்ப ஒழுக்கமா இருக்கே!”

“நல்ல குடும்பத்துக் கடல் சார்.”

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மாமா, கடல்காத்து பட்டாலே தும்முற ஆளு நீங்க. உங்களுக்கு எதுக்கு அலையைப் பத்தின ஆராய்ச்சி? பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

இயக்குநர் மன்னிப்புக் கேட்டார். அதோடு விடவில்லை, சூத்திரம் இருக்கும் அலமாரிச் சாவியையும் அவள் கையில் வைத்தார். “இனிமே இதுக்குக் காவல் நீதாம்மா. உன்னை விட்டா வேற யாரை நம்புறது?”

அலையரசி தன் இடத்துக்குத் திரும்பி, போன மாதமே பழுதாகிக் கரையேறி மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த அதே நடுக்கடல் மிதவையின் மேல் சொகுசாகக் காலை நீட்டிக்கொண்டு, சூத்திரத்தின் அடுத்த வரியை அலை உயரக் கோப்பில் சங்கேத எழுத்துகளில் தட்டி முடித்து, இந்த முறை மறக்காமல் ‘பைட்’ என்று மாற்றினாள்.