எழுபது வருஷத்து அழுக்கு

நெப்ராஸ்காவில், மெர்ல் என்பவரின் கொட்டகையில் நின்ற 1951 ஹட்சன் காரைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார், வாங்க வந்த பழங்கார் நிபுணர் ஹார்லன்.

சீட்டைத் தடவி விரலை மோந்து பார்த்தார். “எழுபது வருஷத்து அழுக்கு! இப்ப யாராலயும் இப்படிப் பண்ண முடியாதுங்க. தொடைக்கிற துணி பட்டிருந்தா பாதி விலைதான்.”

கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மெர்ல் மனைவியிடம் திரும்பினார். “பாத்தியா டோரீன்? கழுவாதே கழுவாதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டது எதுக்குன்னு புரியுதா? கல்யாணமாகி முதல் தடவையா என் பேச்சைக் கேட்டிருக்கே!”

“நீங்க சொன்னது செவ்வாய்க்கிழமை. நான் திங்கக்கிழமையே சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன்.”

“அப்போ அந்த அழுக்கு?”

“கோழிக்கூண்டுலேர்ந்து ரெண்டு வாளி. அதுங்களுக்கு இன்னிக்கு ஒரு பிடி சோளம் கூடப் போடுங்க.”