ஏழாம் நம்பர்

"மீனையும் சேர்த்துக்குங்க சிஸ்டர். அதுதான் முக்கியம்" என்றார் தோத்தாத்ரி.

சேர்த்தேன். அவர் மகளின் முன்கையில் பேனாவால் ஒன்றிலிருந்து பத்து வரை எழுதி, நம்பருக்கு ஒரு சொட்டு அலர்ஜி டெஸ்ட் மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினேன். ஏழாம் நம்பர் மீன்.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அந்த இடம் தடிக்கும்.

அதுவரை அவர் வாய் ஓயவில்லை. பெருங்களத்தூரில் ஃபிளாட்டாம். அவர்தான் அசோசியேஷன் செகரட்டரியாம். மேல் வீட்டில் பாய் குடும்பமாம். தினமும் மீன் வறுக்கிறார்களாம். அந்தப் புகையில்தான் குழந்தைக்கு இளைப்பு வருகிறதாம். காலி பண்ணச் சொல்லிப் பதிமூன்று வீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டாராம். ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கியாம்.

அந்த மேல் வீடு என் வீடு.

மூன்று வருடமாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். புர்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவருக்கு, வெள்ளை கோட்டில் என்னை எப்படி அடையாளம் தெரியும்?

அவர் மகளுக்குத் தெரிந்தது. உள்ளே வந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம் ஊசிக்குப் பயந்து பேசவேயில்லை.

இந்த வீட்டையும் காலி செய்தால் ஐந்து வருடத்தில் மூன்றாவது வீடு. பையனுக்கு மறுபடி புதுப் பள்ளிக்கூடம்.

மீன் வறுக்கக் கூடாதென்று அசோசியேஷன் கடிதம் வந்த அன்றே என் வீட்டுக்காரர் பாட்சா, "போய் விஷயத்தைச் சொல்லிடு பரிதா" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். என் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று நான் எதற்கு இவருக்குச் சொல்ல வேண்டும்?

நேரம் ஆனது. ஸ்கேலை வைத்து அளந்தேன்.

இரண்டாம் நம்பர் பட்டாணி அளவுக்குத் தடித்திருந்தது. அது மெத்தைத் தூசி. நான்காம் நம்பர் அதைவிடப் பெரிது. அது கரப்பான்பூச்சி. இரண்டுமே அவர் வீட்டுச் சொத்து.

ஏழில் பேனா மை மட்டும்தான் இருந்தது.

"கரப்பானா? எங்க வீட்லயா?" என்றவர் குரலைத் தணித்துக்கொண்டார். "மீன் வாசனைன்னும் ஒரு வரி போட்டுக் குடுத்துடுங்களேன் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை மீட்டிங்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். நன்றாகக் கேட்டுவிடுவது என்று வாயெடுத்தேன்.

அதற்குள் அந்தப் பெண் தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மீன் எனக்கு இல்லப்பா. முதாசிருக்குத்தான். வாசனை பட்டாலே அவனுக்கு உதடு வீங்கிடும். அவன் பக்கத்துல யாரும் மீன் சாப்பிடக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. அவங்க வீட்ல மீனே வாங்க மாட்டாங்க."

"யாரு முதாசிர்?"

"நம்ம மேல் வீட்டுப் பையன்." என்னைக் காட்டினாள். "இவங்க பையன்தான்பா."

தோத்தாத்ரி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

ரிப்போர்ட் தாளில் ஏழுக்கு நேரே பெரிதாக ஒரு சைபர் போட்டேன்.

"மீட்டிங்ல படிச்சுக் காட்டுங்க சார்" என்று அவர் கையில் கொடுத்தேன்.