மட்ட ரகக் குழல்

"அந்தப் பிளாஸ்டிக் குழலே போதும், கிளெம். ரெண்டு குடு" என்றாள் என் கடைக்கு வந்த வெர்னா.

எனக்கு எரிச்சலாக வந்தது. மக்காச்சோளக் கட்டையில் புகை பிடிக்கும் பைப் செய்வதற்கு எங்கள் மிசௌரி மாநிலத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்தப் பைப்பில் வாய் வைக்கும் குழலைப் பற்றி இந்த ஆற்றங்கரை ஊரில் என்னைவிடத் தெரிந்தவனும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

"இந்த மாசத்துல இது நாலாவது தடவை, வெர்னா. இது மட்ட ரகம். கடிச்சா வெண்ணெயில இறங்குற மாதிரி பல்லு இறங்கும்."

"இறங்கட்டும்."

கெட்டி ரப்பர் குழலை எடுத்து வைத்தேன். "இதைப் பாரு. வெயில் பட்டா கொஞ்சம் நிறம் மங்கும். மத்தபடி நல்லா உழைக்கும்."

"வேண்டாம்."

கடைசியாக, நானே கடைந்து மெருகு போட்ட அக்ரிலிக் குழலை நீட்டினேன். "கடிச்சா பல்லுதான் உடையும், இது உடையாது. கட்டை கருகிப் போனாலும் குழலை உருவி அடுத்த பைப்புல மாட்டிக்கலாம். சூட்டோட மட்டும் உருவக் கூடாது. ஆயுசுக்கும் வரும்."

ஆயுசு என்றதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் கணவன் லாம்பர்ட் எலும்பில் புற்று வந்து நாலு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறான். புகையிலையை டாக்டர் நிறுத்திவிட்டார். வெறும் பைப்பைத்தான் வாயில் வைத்திருக்கிறான்.

"காசு வேண்டாம். லாம்பர்ட்டுக்கு நான் குடுத்ததா இருக்கட்டும்."

"மாட்டேன், கிளெம். அந்த ரெண்டையும் கட்டிக் குடு."

கடை மூலை நாற்காலியில் உட்கார்ந்து தன் பைப்பை நிரப்பிக்கொண்டிருந்த ஓட்டோவுக்குப் பொறுக்கவில்லை.

"உங்க ஹோல்ட்மையர் வீட்டுல, வந்த தபால் உறையையே திருப்பி ஒட்டி அனுப்புவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆனா சும்மா குடுக்கறதையும் வேண்டாங்கிறது புதுசா இருக்கே! படுத்துக் கிடக்கிற மனுஷன் வாயில ஒரு நல்ல பொருள் இருக்கக் கூடாதா, வெர்னா?"

எனக்கும் அதே கேள்விதான்.

வெர்னா கோபப்படவில்லை. கைப்பையைத் திறந்து, போன வாரம் வாங்கிய குழலை மேஜையில் வைத்தாள். மேலும் கீழும் பல் ஆழமாகப் பதிந்து, நுனி கிட்டத்தட்டத் துண்டாகியிருந்தது.

எத்தனையோ பேர் கடித்த குழல்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கடியைப் பார்த்ததில்லை.

"புகையில்லாத பைப்பையா இந்தக் கடி கடிக்கிறான்?" என்றேன்.

"காலையிலகூட டாக்டர் வந்து, வலிக்குதா லாம்பர்ட்னு கேட்டார். 'ஒண்ணுமில்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்'னு சிரிச்சார். நான் கேட்டாலும் அதேதான். கலப்பையில மாட்டி விரல் போன அன்னிக்கும் எங்கிட்ட அதைத்தான் சொன்னார். இந்தக் குழலைக் காட்டின பிறகுதான் டாக்டர் வலி மருந்தைக் கூட்டினார்."

ஓட்டோ பைப்பை வாயிலிருந்து எடுத்தான்.

நான் கட்டிக் கொடுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, என் அக்ரிலிக் குழலை மெதுவாக என் பக்கமே தள்ளிவிட்டாள்.

"உன் குழல்ல பல் பதியாது, கிளெம். அப்புறம் அவருக்கு எவ்வளவு வலிக்குதுன்னு நான் யாரைப் போய்க் கேக்கறது?"